கொம்பனி வாங்கேக்க நிதித் தலைவர் எங்க நிக்க வேணும்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதல்ல சுருக்கமாச் சொல்லிட்டுத் தொடங்கிறன், வாசிக்கிற மத்தவைக்கும் விளங்க வேணும். நீங்கள் திருகோணமலையில ஒரு குடும்பக் கொம்பனியில எக்கவுண்ட்ஸ் பாக்கிறீங்கள், உங்கட முதலாளி கொட்பேப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ஐஸ் ஃபக்டரியை ஆக்களோட, லொறியோட, அவையின்ர கொம்பனியோட முழுசா வாங்கப் போறார், விலை கிட்டத்தட்டப் பேசி முடிஞ்சுது, உங்களிட்ட "பாங்குக்குக் குடுக்கிற மாதிரி ஒரு றிப்போர்ட் போடு" எண்டு சொல்லியிருக்கிறார். பெரிய கொம்பனிகளில சீஎஃப்ஓ, அதாவது நிதித் தலைவர், எண்டு இருக்கிறவரும் இதைத்தான் செய்யிறவரா, மேல முடிவெடுத்த பிறகு அதுக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கிறவர்தானா, இதுதான் உங்கட கேள்வி. முதலாளியிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது எண்டும் கேட்டிருக்கிறீங்கள்.

இல்லை. அப்பிடி நடக்கிற இடங்கள் கனக்க இருக்கு, ஆனா அந்த இடங்களிலதான் காசு எரியுது. நிதித் தலைவரின்ர முதல் வேலை விலையைக் கண்டுபிடிக்கிறதுகூட இல்லை, இந்த இலக்கத்துக்கு மேல போனா நாங்கள் எழும்பி வந்திடுவம் எண்ட ஒரு விலையை, பேச்சு சூடாகிறதுக்கு முதல், எல்லாரும் நிதானமா இருக்கேக்க எழுதி வைக்கப் பண்ணுறது. விலை பேசி முடிஞ்ச பிறகு கூப்பிட்டா அவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் பெரிசா ஒண்டும் செய்ய ஏலாது, அந்த நேரம் முதலாளியின்ர மனசு அந்த ஃபக்டரிக்குள்ள குடிபோயிடும், கணக்கு எப்பிடி வந்தாலும் அதுக்கொரு விளக்கம் கண்டுபிடிப்பினம்.

இதுக்கு உலகத்தில இருக்கிற ஆகத் தெளிவான உதாரணம் எச்பி கொம்பனி ஓட்டோனமியை வாங்கினது. 2011 ஓகஸ்ட்ல, அமெரிக்காவின்ர ஹியூலட் பக்கார்ட், கம்பியூட்டர், பிரிண்டர் விக்கிற அந்த எச்பிதான், பிரிட்டனில இருந்த ஓட்டோனமி எண்ட சொஃப்ட்வெயார் கொம்பனியை கிட்டத்தட்ட 11 பில்லியன் டொலருக்கு வாங்கப் போறம் எண்டு அறிவிச்சுது. பங்குச் சந்தையில அந்த ஷெயார் போய்க்கொண்டிருந்த விலையை விட 60 சதவீதத்துக்கும் மேல கூட்டிக் குடுத்தவை. அப்ப எச்பியின்ர சீஎஃப்ஓ கதி லெஸ்ஜாக் எண்ட அம்மா. அவ போர்டுக்கு, அதாவது இயக்குநர் சபைக்கு, முன்னால நேரடியாவே சொன்னவ, நான் இதுக்கு ஆதரவில்லை, விலை கூட, எங்கட கொம்பனி இப்ப இருக்கிற நிலைமையில இது தாங்காது எண்டு. சீஇஓ, அதாவது தலைமை நிர்வாகி, லியோ அப்போதேக்கருக்கு இது கட்டாயம் வேணும், ஏனெண்டா எச்பியை சொஃப்ட்வெயார் கொம்பனியா மாத்துறதுதான் அவரின்ர திட்டமே. போர்ட் அவரோடதான் போனது. அறிவிச்ச அடுத்த நாளே எச்பி ஷெயார் 20 சதவீதமளவில விழுந்தது, ஒரு மாசத்தில சீஇஓவை வீட்டுக்கு அனுப்பிட்டினம், ஆனா வாங்குறம் எண்டு சொன்னதில இருந்து பின்வாங்க ஏலாமல் ஒக்டோபரில காசைக் குடுத்து வாங்கினவை. 2012 நவம்பரில, வாங்கினது அவ்வளவு பெறாது எண்டு 8.8 பில்லியன் டொலரைக் கணக்கில இருந்து வெட்டி எழுதினவை, அதில 5 பில்லியனுக்கு மேல ஓட்டோனமியின்ர கணக்குக் குளறுபடியால வந்தது எண்டு எச்பி குற்றம் சாட்டினது.

இதில ரெண்டு விசயம் கவனிக்க வேணும். முதலாவது, மற்றப் பக்கத்திலயும் ஒரு நிதித் தலைவர் இருந்தவர். ஓட்டோனமியின்ர சீஎஃப்ஓ சுஷோவன் ஹுசைன், அவரை 2018 இல சான் பிரான்சிஸ்கோ கோர்ட்டில குற்றவாளி எண்டு தீர்த்து, அடுத்த வருசம் 5 வருசச் சிறை குடுத்தவை. அங்க சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில ஒண்டைப் பாருங்கோ: சொஃப்ட்வெயார் கொம்பனி எண்டு பேர், ஆனா காலாண்டு முடியிற நேரம் கம்பியூட்டர் ஹார்ட்வெயாரை வாங்கி நட்டத்துக்கு வித்து அந்த விற்பனையையும் வருமானத்துக்குள்ள சேர்த்துக் காட்டினது. வெளியில இருந்து பாக்கிறவனுக்கு வருமானம் வளருது எண்டுதான் தெரியும். கொம்பனியைத் தொடங்கின மைக் லிஞ்ச் 2024 ஜூனில அமெரிக்காவில குற்றமற்றவர் எண்டு விடுதலையானார், ஆனா லண்டன் சிவில் வழக்கில 2022 இல நீதிபதி பெரும்பாலும் எச்பிக்குச் சார்பாத்தான் தீர்ப்புச் சொன்னவர். ஆக சட்டப்படி யார் எவ்வளவு பிழை எண்டதில இடத்துக்கிடம் முடிவு வேற வேற.

ரெண்டாவது விசயம்தான் எனக்கு முக்கியம். லெஸ்ஜாக் வேண்டாம் எண்டு சொன்ன நேரம் அவவுக்கு இந்தக் கணக்குக் குளறுபடி ஒண்டும் தெரியாது. அவ சொன்னது விலையைப் பற்றியும் தங்கட கொம்பனியின்ர தாங்குசக்தியைப் பற்றியும் மட்டும்தான். ஓட்டோனமியின்ர கணக்கு முழுக்கச் சுத்தமா இருந்திருந்தாலும் அவ சொன்னது சரியாத்தான் இருந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன். விக்கிறவன் கள்ளனோ எண்டு பிடிக்கிறது ஒடிட்டரும் டியூ டிலிஜன்ஸ் டீமும், அதாவது வாங்க முதல் எல்லாத்தையும் துருவிப் பாக்கிற ஆக்களும், செய்யிற வேலை, நாங்கள் இதை வாங்கினா எங்கட கழுத்து இறுகுமா எண்டு பாக்கிறது வீட்டுக்குள்ள இருக்கிற நிதித் தலைவர் ஒருத்தரால மட்டும்தான் ஏலும், வெளியால இருந்து எவ்வளவு பெரிய ஆலோசகர் வந்தாலும் அந்தக் கேள்வியை அவர் கேக்க மாட்டார், ஏனெண்டா டீல் முடிஞ்சாத்தான் அவருக்குப் பெரிய ஃபீஸ். இன்னொண்டு, அப்பிடி எதிர்த்துச் சொன்னதால லெஸ்ஜாக்குக்கு வேலை போகேல்லை. 2015 இல எச்பி ரெண்டாப் பிரிஞ்ச பிறகும் எச்பி இன்க் கொம்பனியின்ர சீஎஃப்ஓவா இருந்தவ. வேண்டாம் எண்டு சொன்னா வேலை போயிடும் எண்டு பயப்பிடுற பிள்ளைகளுக்கு இதை நான் எப்பவும் சொல்லுறது.

விலை எப்பிடி ஏறுது எண்டதுக்கு டாட்டா ஸ்டீல் பிரிட்டன்ர கோரஸை வாங்கின கதையைப் பாருங்கோ. 2006 ஒக்டோபரில டாட்டா சொன்ன விலை ஒரு ஷெயாருக்கு 455 பென்ஸ். பிறகு பிரேசில்ல இருந்து சிஎஸ்என் எண்ட உருக்குக் கொம்பனி போட்டிக்கு வந்தது. ரெண்டு பேரும் மாறி மாறி ஏத்தி, கடைசியா 2007 ஜனவரி முடிவில ஒரு இரவு முழுக்க நடந்த ஏலத்தில டாட்டா 608 பென்ஸுக்கு எடுத்தது, சிஎஸ்என் 603 இல நிண்டிட்டுது. மூண்டு, நாலு மாசத்துக்குள்ள மூண்டில ஒரு பங்கு விலை ஏறியிருக்கு, ஆனா அந்த மூண்டு, நாலு மாசத்தில கோரஸின்ர சூளைகள் மூண்டில ஒரு பங்கு கூட உருக்கு வாக்கத் தொடங்கேல்லை, அது வேற ஒண்டும் இல்லை, போட்டிக்கு ஆள் வந்தது மட்டும்தான். அடுத்த வருசமே உலகப் பொருளாதாரம் விழுந்தது, அதுக்குப் பிறகு பிரிட்டன் பக்கம் டாட்டாவுக்குக் கன வருசம் தலையிடிதான். சரி, 2008 வரும் எண்டு ஆருக்குத் தெரியும் எண்டு கேக்கலாம், நியாயமான கேள்வி. ஆனா 455 எண்டு முதல் எழுதினவை 608 வரைக்கும் போகலாம் எண்டு முதலே எழுதி வச்சிருந்தவையா, இல்லாட்டி அந்த இரவில எழுதினவையா எண்டதுதான் நான் ஒரு நிதித் தலைவரிட்டக் கேக்கிற கேள்வி. நான் டாட்டாவைப் பற்றி இதுக்குப் பதில் சொல்ல வரேல்லை, உங்கட முதலாளிக்கு எதிர்ல இன்னொரு ஆள் விலை கேக்கிறார் எண்டு விக்கிறவர் சொல்லுற நேரம் உங்களுக்கு இது ஞாபகம் வர வேணும்.

2007 இல இன்னொரு பெரிய கூத்து, பிரிட்டன்ர ஆர்பிஎஸ் பாங்க் வேற ரெண்டு பாங்குகளோட சேர்ந்து நெதர்லாந்தின்ர ஏபிஎன் அம்ரோவை கிட்டத்தட்ட 71 பில்லியன் யூரோவுக்கு வாங்கினது. அடுத்த வருசம் ஆர்பிஎஸ்ஸை அரசாங்கம் காசு போட்டுக் காப்பாத்த வேண்டி வந்தது. பிறகு பிரிட்டன்ர நிதி மேற்பார்வைச் சபை விசாரிச்சு எழுதின றிப்போர்ட்டில இருக்கு, அவ்வளவு பெரிய பாங்கை வாங்குறதுக்கு முதல் ஆர்பிஎஸ்ஸுக்குக் கிடைச்ச தகவல் எல்லாம் ரெண்டு ஃபைலும் ஒரு சீடியும்தான் எண்டு. பாக்க விடாத சாமானுக்கு முழு விலை குடுக்கக் கூடாது எண்டு எங்கட மாக்கெட்டில மீன் வாங்குற ஆச்சிக்குத் தெரியும், செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்க மாட்டா. பாக்க விடேல்லையெண்டால் ஒண்டில் விலையைக் குறைக்க வேணும், இல்லாட்டி காசில ஒரு பங்கை நிறுத்தி வச்சுப் பிறகு குடுக்கிற மாதிரி ஒப்பந்தம் எழுத வேணும், இதைச் சொல்லுறதுக்கு நிதித் தலைவரை விட வேற ஆள் இல்லை.

இப்ப எங்கட நாட்டுக்கு வருவம். 2017 இல ஹேலீஸ், சிங்கர் ஸ்ரீலங்காவின்ர 61.73 சதவீதத்தை ஒரு ஷெயார் 47 ரூபாப்படி கிட்டத்தட்ட 10.9 பில்லியன் ரூபாவுக்கு வாங்கினது. பேப்பரில வந்த தலைப்பு அந்த 10.9 பில்லியன்தான். ஆனா ஹேலீஸின்ர நிதிப் பக்கம் இருந்தவை அந்த ஒரு இலக்கத்தோட நிண்டிருக்க ஏலாது, ஏனெண்டா எங்கட நாட்டு டேக்ஓவர் சட்டக்கோவைப்படி, 1995 இல வந்தது, பங்குச் சந்தையில பட்டியலிட்ட கொம்பனி ஒண்டில 30 சதவீதத்தைத் தாண்டினா மிச்சம் இருக்கிற எல்லாச் சின்ன ஷெயார்காரருக்கும் வாங்குறம் எண்டு ஓஃபர் குடுத்தே ஆக வேணும். 47 ரூபாப்படி மிச்சத்தைப் பெருக்கிப் பாருங்கோ, எல்லாரும் வித்தா இன்னும் கிட்டத்தட்ட 6.8 பில்லியன். எல்லாரும் விக்க மாட்டினம் எண்டு நினைக்கலாம், ஆனா வித்தா குடுக்கிறதுக்குக் காசு தயாரா இருக்க வேணும். முதலாளி மேசையில கைகுலுக்குற நேரம் இந்த ரெண்டாவது இலக்கத்தை ஒருத்தர் முதலே கணக்கில வச்சிருக்க வேணும், அந்த ஒருத்தர்தான் நிதித் தலைவர்.

காசாக் குடுக்காமலும் வாங்கலாம். 2024 இல டயலொக், எயார்டெல் லங்காவை எடுத்த நேரம் பாரதி எயார்டெலுக்குக் காசு குடுக்கேல்லை, டயலொக்கின்ர 10.355 சதவீத ஷெயாரைக் குடுத்தவை. இதில கடன் ஏறாது, வட்டி இல்லை, ஆனா இனி வாற ஒவ்வொரு வருசத்து லாபத்திலயும் பத்தில ஒரு பங்கு வேற ஆளுக்கு. எது மலிவு எண்டது அந்தந்த நேரத்து வட்டியையும் ஷெயார் விலையையும் பொறுத்தது, இதுவும் நிதித் தலைவர் போட வேண்டிய கணக்கு.

வட்டியைப் பற்றிச் சொல்லாம விட ஏலாது. 2022 ஏப்ரலில மத்திய வங்கி ஒரே நாளில 7 சதவீதப் புள்ளி ஏத்தினது, பாங்குகளுக்கு அது கடன் குடுக்கிற வட்டி, கடன் வசதி வீதம் எண்டுறது, 7.5 இல இருந்து 14.5 ஆச்சு. அதுக்கு முந்தின மாசத் தொடக்கத்தில 200 ரூபாக்கு இருந்த டொலர் மே மாசம் 360 இல நிண்டது. அதுக்கு முதல் மிதக்கிற வட்டிக்கு, அதாவது சந்தையோட ஏறி இறங்கிற வட்டிக்கு, கடன் எடுத்து ஹோட்டலோ, ஃபக்டரியோ வாங்கினவையின்ர பாட்டை நீங்களே நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் பாத்திருப்பீங்கள், வாங்கின சொத்தில பிழை இல்லை, வாங்கின கடனிலதான் பிழை. அதால முதலாளிக்குக் குடுக்கிற றிப்போர்ட்டில இப்ப இருக்கிற வட்டிக்கு ஒரு கணக்கு, அது 5 சதவீதப் புள்ளி ஏறினா ஒரு கணக்கு, ரெட்டிப்பானா ஒரு கணக்கு, மூண்டும் போடுங்கோ. ரெட்டிப்பாகாது எண்டு ஆராவது சொன்னா 2022 ஏப்ரலைக் காட்டுங்கோ.

அடுத்தது சினர்ஜி எண்டு ஒரு சொல் எல்லாப் பவர்பொயின்டிலயும் வரும், ரெண்டையும் சேர்த்தா செலவு குறையும், விற்பனை கூடும் எண்டு. குவேக்கர் ஓட்ஸ் 1994 இல ஸ்னாப்பிள் எண்ட குளிர்பானக் கொம்பனியை 1.7 பில்லியன் டொலருக்கு வாங்கினது, தங்கட கேட்டரேட் எண்ட விளையாட்டுக்காரரின்ர பானம் போற வழியில அதையும் அனுப்பலாம், அதின்ர ஏஜன்ட்மாரிட்டக் கேட்டரேட்டையும் குடுக்கலாம் எண்டு. ஸ்னாப்பிளின்ர ஏஜன்ட்மார் தங்கட ஏரியாவை விட்டுக்குடுக்க மாட்டம் எண்டிட்டினம். 1997 இல 300 மில்லியனுக்கு வித்தவை. நான் பாத்த இடங்களில சினர்ஜி எண்டு எழுதின ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில ஒரு ஆளின்ர பேரும் திகதியும் எழுதுங்கோ எண்டு கேட்டா அரைவாசி வரி தானாவே அழிஞ்சிடும். உங்கட முதலாளியின்ர விசயத்திலயும் இருக்கும்தானே, எங்கட மீன் லொறிக்கு எங்கட ஐஸ், வெளியில வாங்குற காசு மிச்சம் எண்டு. அது உண்மையான மிச்சமா இருக்கலாம், ஆனா மாசம் எத்தனை கட்டி இப்ப வெளியில வாங்குறீங்கள், என்ன விலைக்கு, அந்தக் கட்டியை உங்களுக்குக் குடுத்தா அந்த ஃபக்டரி வெளியில விக்கிறது குறையுமே, அதையும் கழிச்சிட்டீங்களா?

சரி, உங்கட ஐஸ் ஃபக்டரிக்கே வாறன், ஏனெண்டா பெரிய கொம்பனிச் சீஎஃப்ஓ செய்யிறதை நீங்கள் அங்க செய்யலாம், அளவு சின்னன், வேலை ஒண்டுதான்.

விக்கிறவர் காட்டுற விற்பனைப் புத்தகத்தை ஓரமா வையுங்கோ. முதல்ல மின்சார சபை பில்லை மூண்டு வருசத்துக்கு வாங்குங்கோ. ஐஸ் எண்டது கறண்டை உறைய வைக்கிற தொழில்தான், மற்றதெல்லாம் சின்னச் செலவு. ஒரு கட்டிக்கு எவ்வளவு யூனிட் போகும் எண்டு அங்க கன காலமா கொம்பிரசரோட நிக்கிற ஒப்பரேட்டரிட்ட ஒரு தேத்தண்ணியோட கதைச்சாச் சொல்லுவார், அவரின்ர இலக்கத்தை வேற ஒரு ஐஸ் ஃபக்டரிக்காரரிட்டயும் கேட்டு ஒப்பிடுங்கோ. மாச யூனிட்டை அதால பிரிச்சா அந்த மாசம் ஆகக் கூட எத்தனை கட்டி வந்திருக்க ஏலும் எண்டு வரும். விற்பனைப் புத்தகம் அதை விடக் கூடக் காட்டினா எங்கயோ பிழை, கனக்கக் குறையக் காட்டினா வரிக்குக் காட்டாத விற்பனை இருக்கலாம், அது வேற பிரச்சினை, ஏனெண்டா கொம்பனியையே வாங்குறீங்கள் எண்டால் அந்த வரிப் பாக்கியும் உங்களோடதான் வரும். அதே பில்லில பகல், பின்னேரப் பீக், இரவு எண்டு பிரிச்சு இருக்கும், பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் கொம்பிரசர் ஓடியிருந்தா ஆகக் கூடின ரேட்டில ஓடியிருக்கு, அது நீங்கள் வாங்கின பிறகு குறைக்கக் கூடிய செலவு, இப்பிடி வந்தால்தான் அது உண்மையான மிச்சம். ஜெனரேட்டர் டீசல் பில், அமோனியா வாங்கின பில், உப்பு வாங்கின பில், இதுகளையும் எடுங்கோ, புத்தகத்தை மாத்தலாம், நாலு சப்ளையரின்ர பில்லையும் ஒரே மாதிரி மாத்துறது கஷ்டம். 2022 கணக்கை மட்டும் வச்சு ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் வெட்டின வருசம், டீசலும் இல்லை.

லாபத்தைத் திருத்துறது அடுத்தது. குடும்பக் கொம்பனியில முதலாளி சம்பளம் எடுக்க மாட்டார், மகன் வந்து மேற்பார்வை பாப்பார், அவருக்கும் சம்பளம் இல்லை, ஆனா வீட்டுக் காரின்ர பெற்றோல் கொம்பனிச் செலவில இருக்கும். நீங்கள் வாங்கின பிறகு மகன் வர மாட்டார், சம்பளத்துக்கு மனேஜர் வைக்க வேணும். ரெண்டு பக்கமும் திருத்தினாத்தான் உண்மையான லாபம் வரும். அந்த லாபத்தில இருந்து விலை எப்பிடி வருது எண்டு பாருங்கோ: வருசம் ஒரு கோடி ரூபா கையில மிஞ்சுது, போட்ட காசுக்கு வருசம் 20 சதவீத வருமானம் வேணும் எண்டால் 5 கோடி பெறும். அதையே 16 சதவீதம் போதும் எண்டு போட்டா 6 கோடி 25 லட்சம். 20 சதவீதத்தை விட்டுக்குடுக்காம வருசம் 4 சதவீதம் வளரும் எண்டு போட்டாலும் அதே 6 கோடி 25 லட்சம், ஏனெண்டா 20 இல 4 போனா 16தானே. எக்செல்லில ஒரு பெட்டியை மாத்தினா ஒண்டேகால் கோடி கூடுது. "விலை வாற மாதிரிக் கணக்குப் போடு" எண்டு சொல்லுறது இந்தப் பெட்டியை மாத்து எண்டதுதான், நிதித் தலைவர் தன்ர பேரைக் காப்பாத்துறதும் இழக்கிறதும் அந்தப் பெட்டியிலதான். அதால அந்த ரேட்டை நீங்களும் முதலாளியும் கணக்குத் தொடங்க முதல் கதைச்சு எழுதி வையுங்கோ.

பிறகு வேர்க்கிங் கப்பிட்டல், அதாவது அன்றாடம் தொழில் ஓடுறதுக்கு உள்ள நிக்கிற காசு, இதில எங்கட கரையில ஒரு விசேசம் இருக்கு, கொழும்பு ஆக்கள் வந்து பாத்தா பிடிபடாது. எங்கட பக்கம் கடல் சீரா இருக்கிறது பங்குனி, சித்திரையில இருந்து புரட்டாதி வரை, வாடைக் காத்துத் தொடங்கி கார்த்திகை, மார்கழியில கடல் கொந்தளிக்கிற நேரம் போட் போறது குறைவு, ஐஸும் ஓடாது. போட்காரருக்கு ஐஸ் கடனுக்குத்தான் போகும், மீன் வித்துக் காசு வரேக்க கட்டுவினம். ஆக ஆவணி முடிவில பலன்ஸ் ஷீட்டைப் பாத்தா வர வேண்டிய கடன் நிறைய இருக்கும், தை மாசம் பாத்தா ஒண்டும் இருக்காது, ஆனா கறண்ட் பில்லும் சம்பளமும் ஏறிக்கொண்டே இருக்கும். எந்த மாசம் கைமாறுறது எண்டதை வச்சே விக்கிறவர் உங்களிட்டச் சில லட்சங்களை எடுத்திடலாம், கைமாறுறதுக்கு முந்தின கிழமை கடனையெல்லாம் கழிவு குடுத்து வசூலிச்சுப் போட்டு, கட்ட வேண்டிய பில்லுகளைக் கட்டாம உங்களிட்ட விட்டிட்டுப் போகலாம். இதுக்கு வழி, பன்ரெண்டு மாசச் சராசரியை எடுத்து, கைமாறுற நாளில அதை விடக் குறைய இருந்தா விலையில கழிக்கிறது, கூட இருந்தா குடுக்கிறது எண்டு ஒப்பந்தத்தில எழுதுறது. பெரிய டீல் எல்லாத்திலயும் இந்த ஷரத்து இருக்கும், சின்ன டீலில ஒருத்தரும் எழுதுறதில்லை, எழுதச் சொல்லுங்கோ. போட்காரரின்ர கடன் லிஸ்ட்டில பேர் பேராப் பாருங்கோ, போட் வித்திட்டுப் போனவர், வெளிநாடு போனவர் எல்லாம் அதில இருப்பினம்.

கடன் எண்டு சொல்லி எழுதாத கடன்களும் இருக்கு. லொறியின்ர லீசிங் எல்லாருக்கும் தெரியும். ஈபிஎஃப் வேலைகொள்ளுனர் சம்பளத்தில 12 சதவீதம், ஆள் 8, ஈடிஎஃப் 3, இதை ஒழுங்காக் கட்டியிருக்கிறாரா, முழுச் சம்பளத்துக்கும் கட்டினவரா இல்லாட்டி அரைவாசியை அலவன்ஸ் எண்டு போட்டுத் தப்பினவரா? பிந்திக் கட்டினா மேல சேர்ச்சார்ஜ் ஏறும். 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடம் எண்டால் 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி அஞ்சு வருசம் முடிச்ச ஒவ்வொருத்தருக்கும் வருசத்துக்கு அரை மாசச் சம்பளப்படி கிராஜுவிற்றி, வேலை விட்டுப் போகேக்க குடுக்கிற பணிக்கொடை, இருக்கு, இருபது வருசம் நிண்ட ஒப்பரேட்டருக்கு அது பத்து மாசச் சம்பளம், இதெல்லாம் கூட்டி விலையில கழிக்க வேணும். கொம்பனியின்ர ஷெயாரை வாங்காம காணி, மெஷின், லொறி எண்டு சொத்தை மட்டும் வாங்கினா பழைய பொறுப்புகள் கனக்க வராது, ஆனா லைசன்ஸ், குத்தகை எல்லாம் புதுசா மாத்த வேணும், இதை லோயரோட இருந்து முடிவெடுங்கோ.

காணிதான் திருகோணமலையில ஆகப் பெரிய கண்ணி. உறுதிக் காணியா, பெர்மிற் காணியா, குத்தகையா? காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ குடுத்த பெர்மிற் காணி எண்டால் பிரதேச செயலாளரின்ர அனுமதி இல்லாம கைமாத்த ஏலாது, பாங்கும் அதை ஈட்டுக்கு எடுக்க யோசிக்கும். துறைமுகத்துக்குள்ள இருக்கிற இடம் எண்டால் குத்தகை எத்தனை வருசம் மிச்சம், ஆள் மாறினா ஒப்புதல் வேணுமா எண்டு குத்தகைப் பத்திரத்தையே வாசிக்க வேணும். உங்கட முதலாளியோட வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் காசு போட வாறார் எண்டால் அவர் இப்பவும் இலங்கைப் பிரஜையா எண்டு பாருங்கோ, 2014 ஆம் ஆண்டின்ர 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதமோ அதுக்கு மேலயோ உள்ள கொம்பனிக்குக் காணி வாங்குறதில தடை இருக்கு.

இதோட, வாங்காம வேற வழி இருக்கா எண்டதையும் நிதித் தலைவர்தான் மேசையில வைக்க வேணும், ஏனெண்டா வாங்க ஆசைப்படுறவர் அதைக் கதைக்க மாட்டார். சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பாருங்கோ, 99 குதத்தில 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 ஐயும் ரெண்டு பேரும் 51க்கு 49 எண்டு சேர்ந்த கொம்பனி குத்தகையில அபிவிருத்தி செய்யிறது. சரி பிழை வேற கதை, ஆனா ஒரு சொத்தைப் பாவிக்கிறதுக்கு அதை முழுசா வாங்கத்தான் வேணும் எண்டில்லை. ஐஸ் ஃபக்டரியை ஒரு சீசனுக்குக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிப் பாக்கிறது, பிறகு வாங்குற உரிமையை முதலே எழுதி வைக்கிறது, இதுக்கு விக்கிறவர் சம்மதிச்சால் அதை விட நல்ல டியூ டிலிஜன்ஸ் இல்லை. மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேளுங்கோ.

முதலாளியிட்ட எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டிருந்தீங்கள். நேர வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ, அவர் உங்களை விடத் தொழில் தெரிஞ்சவர், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு வாய்ப்பை அவர் பாத்திருக்கலாம், நிதிப் பக்கத்து ஆக்கள் எல்லாத்துக்கும் தலையாட்டுறது எவ்வளவு பிழையோ எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறதும் அவ்வளவு பிழை. ஒரு பக்கத் தாளில மூண்டு விலை எழுதிக் குடுங்கோ: இந்த விலைக்குக் கிடைச்சால் உடன வாங்கலாம், இந்த விலைக்கு எண்டால் இன்ன இன்ன நிபந்தனையோட வாங்கலாம், இதுக்கு மேல போனா கடன் கட்டேக்க மற்ற வியாபாரத்தின்ர காசைத் தொட வேண்டி வரும். மூண்டாவது வரிதான் முக்கியம், ஏனெண்டா எந்த வியாபாரத்தின்ர காசு, எந்த மாசம் எண்டு அதில எழுதுறீங்கள், அது ஒரு அபிப்பிராயம் இல்லை, கணக்கு. திகதி போட்டுக் கையெழுத்து வச்சு ஒரு பிரதியை ஃபைலில வையுங்கோ. வாங்குற சொத்து உங்கட கொம்பனியின்ர மொத்தச் சொத்தில அரைவாசிக்கு மேல வருமெண்டால் 2007 ஆம் ஆண்டுக் கொம்பனிச் சட்டத்தின்ர 185 ஆம் பிரிவுப்படி ஷெயார்காரரின்ர விசேட தீர்மானம் வேணும், முதலாளியின்ர தம்பிமாரும் ஷெயார்காரர் எண்டால் அவையும் அந்தத் தாளை வாசிக்கத்தான் வேணும். பாங்குக்குப் போற றிப்போர்ட்டிலயும் அதே மூண்டு விலையும் இருக்கட்டும், பாங்குக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு எண்டு மட்டும் எழுத ஒத்துக்கொள்ளாதேங்கோ, அதில கையெழுத்து உங்கட.

வாங்கின பிறகு முதல் நாளே செய்ய வேண்டியது பாங்க் கணக்கில கையெழுத்துக்காரரை மாத்துறது, பழைய செக் புத்தகங்களை எண்ணி எடுக்கிறது, இருப்பை ரெண்டு பக்கமும் நிண்டு எண்ணிக் கையெழுத்து வைக்கிறது. அந்த ஒப்பரேட்டரை ஒரு சீசனாவது நிப்பாட்டி வைக்கிறதுக்கு ஒரு தொகையை இப்பவே பட்ஜெட்டில போடுங்கோ, அமோனியா லைனில எந்த வால்வு எதுக்கெண்டு எந்தப் பத்திரத்திலயும் எழுதியிருக்காது.